ஓதம் ஏறினால் மாலிமுக்குத் தூக்கம்

மாலிம் அக்கா என் கடைக்குக் கொண்டுவரும் மெமரி கார்டில் எப்போதும் ஒரே கதைதான். முதல் சில படங்களில் பறவைகள் வந்துகொண்டிருக்கும். தூரத்தில் புகைபோல, அப்புறம் உப்பளத் தேக்கத்தின் மேல் ஒரு வளைவாக, அப்புறம் கால்களை நீட்டித் தண்ணீரில் இறங்குவதாக. அடுத்த படத்தில் ஒன்றுகூட இருக்காது. ஈரக்கரை, அதில் ஒட்டிக்கிடக்கும் இறகுகள், வெள்ளை வெள்ளையாக எச்சம். அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே கடல் முழுக்க ஏறி, நின்று, இறங்கிப் போயிருக்கும். அவ்வளவு நேரமும் அக்கா தூங்கியிருப்பார்.

"இதுல எதைப் பெருசு பண்ணட்டும் அக்கா?" என்று கேட்பேன்.

"இருக்குறதுல நல்லதாப் பாரு தம்பி."

"இருக்குறது பீதான்."

"அதுலயே நல்லதாப் பாரு," என்பார் சிரிக்காமல்.

சியோலிலிருந்து தள்ளி, மேற்குக் கரையில் இருக்கும் இந்த நோருமோக் முகத்துவாரத்தில் என்னுடையது ஒன்றுதான் படக்கடை. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், சாவு வீட்டில் மாலை போட்டு வைப்பதற்காக வயதானவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் படம், இவைதான் என் வேலை. பறவைகளை எடுக்கிற நீள லென்ஸ் ஒன்று யாரோ விட்டுப்போய் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் மாலிம் அக்கா. முதல் மாதம் எல்லாம் ஆட்டம். இரண்டாவது மாதம் ஆட்டம் நின்றது, வெளிச்சம் தவறியது. அதன் பிறகு வெளிச்சமும் தவறவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பறவையின் கண் உயரத்துக்குத் தன் கண்ணும் தாழ வேண்டும் என்பதைத் தானே கண்டுகொண்டார். கண்டுகொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான். விழித்திருப்பது.

முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சேற்றுவெளியில் மட்டி தோண்டியவர் அவர். கடல் இறங்கினால் கைக்கொத்தை எடுத்துக்கொண்டு சேற்றுக்கு. கடல் ஏறினால் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, சாப்பிட்டுத் தூக்கம். ஓதம் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். அவருடைய தூக்கமும் கூடவே தள்ளிப்போகும். முட்டி தேய்ந்து சேற்றை விட்ட பிறகும் உடம்பு அதை விடவில்லை. பேருந்தில் தூங்கியிருக்கிறார், கல்யாண விருந்தில் கரண்டியோடு தூங்கியிருக்கிறார். ஒருமுறை என் கடை நாற்காலியில் உட்காரவைத்து, "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் காமிராவுக்குப் பின்னால் குனிந்தேன். நிமிர்ந்தபோது குறட்டை. சுவரில் தொங்கிய ஓத நாட்காட்டியைப் பார்த்தேன். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் கணவர் பான்சுல் அண்ணன் நேர்மாறு. அவர் உப்பளக்காரர். ஓதம் உச்சத்துக்கு வரும்போதுதான் மதகைத் திறந்து தேக்கத்துக்குக் கடல்நீரை விட முடியும். ஆகவே கடல் ஏறும்போதெல்லாம் அவர் மதகடியில் நின்றிருப்பார். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கடலுக்கு வேலை செய்தார்கள். ஆனால் பகலில் அக்கா படுக்கும்போது அண்ணன் கிளம்புவார், அண்ணன் திரும்பும்போது அக்கா போயிருப்பார். போகும்போது சோற்றுக் கிண்ணத்தை மூடி, அடியில் அனல் ஓடும் சூடான தரையில் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். அண்ணன் கையை உள்ளே விட்டால் கிண்ணமும் சூடாக இருக்கும், அக்கா படுத்திருந்த இடமும் சூடாக இருக்கும். பேசிக்கொள்ளக் கிடைத்தது கடல் பாதியில் நிற்கும் நேரம்தான். அந்த நேரத்தில் அண்ணன் சொன்னதெல்லாம் பறவைகளைப் பற்றி.

"ஆயிரக்கணக்குல நின்னுக்கிட்டே தூங்குது மாலிம். பெரிய ஓதத்துல சேறு மொத்தமும் முழுகிப்போகுதுல்ல, அப்போ அதுங்களுக்கு நிக்க இடம் நம்ம தேக்கம்தான். ஒத்தக்கால்ல நின்னு, மூக்கை முதுகுல சொருகிக்கிட்டு…"

"மாக்கொல்லிக் கள்ளு உள்ள போனா மதகுகூட ஒத்தக்கால்ல நிக்கும்."

"சத்தியமாடி."

"சேத்துல நாளெல்லாம் அதுங்களோடதான் கிடக்குறேன். ஒரு நிமிஷம் நின்னு நான் பார்த்ததில்ல. ஓடிக்கிட்டே குத்தும், குத்திக்கிட்டே ஓடும். அதுங்களாவது தூங்கறதாவது."

இப்படியே வருஷங்கள் போயின. அவரைப் பொய்யர் என்று சொல்வது அவர்கள் வீட்டில் உப்பு போடுவதுபோல ஒரு வழக்கமாகிவிட்டது.

பிறகு அண்ணனின் கண்ணில் ஓட்டை விழுந்தது. அப்படித்தான் அவர் சொல்வார். பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஓரங்கள் மட்டும் மிச்சம். "நேராப் பார்த்தா ஒண்ணுமில்ல தம்பி. பக்கத்துல பார்த்தா எல்லாம் இருக்கு," என்றார் என்னிடம். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் தோளுக்கு அப்பால் இருக்கும் கதவைப் பார்ப்பார். திட்டு இன்னும் விரியும், எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உப்பள வேலையைத் தங்கை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் ஒரு ஆசையைச் சொன்னார். தேக்கத்தில் தூங்குகிற பறவைகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கூட்டிக்கொண்டு போனால் முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னோம். அவர் சம்மதிக்கவில்லை. உப்பளக் கரை ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாத்தி, ஒரு பக்கம் வாய்க்கால். "நான் கட்டின கரையில என்னைக் கையைப் பிடிச்சு நடத்திக்கிட்டுப் போறதை அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கணுமா? படம் எடுத்துட்டு வா. கதவு அளவுக்குப் பெருசா. ஓரத்துல வச்சுப் பார்த்துக்கறேன்."

காமிராவின் கதை அதுதான். நான் போய் எடுத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"நீ எடுத்துருவே. உனக்குத் தூக்கம் வராது," என்றார் அக்கா. "ஆனா முப்பது வருஷம் அவரைப் பொய்யன்னு சொன்னது நான். நான்தான் பார்க்கணும்."

பெரிய ஓதம் தினமும் வருவதில்லை. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். அப்போதுதான் சேற்றுவெளி முழுவதும் மூழ்கிப் பறவைகள் தேக்கத்துக்கு வரும். மற்ற நாட்களில் வெளியிலேயே எங்காவது திட்டில் நின்றுவிடும். அந்தச் சில நாட்களையும் அக்கா ஒவ்வொன்றாகத் தூங்கித் தீர்த்தார். ஏப்ரலில் ஒருநாள் மடியில் பச்சை மிளகாயை வைத்துக்கொண்டு போனார். கண் சொக்கும்போது ஒன்று கடிப்பது என்று திட்டம். கடித்தார். காரம் மூக்கில் ஏறித் தும்மினார். தேக்கம் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டது. அந்தக் கார்டில் இருந்ததெல்லாம் வெறும் வானம். "தூக்கம் வரலைல்ல?" என்றேன். "எழுந்து போனதும் வந்துடுச்சு," என்றார்.

ஒரு தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. சியோலிலிருந்து வந்து போகும் ஒரு படக்காரர், வேறு ஏதோ முகத்துவாரத்தில் எடுத்த தூங்கும் பறவைகளின் படத்தை என்னிடம் விட்டுப்போயிருந்தார். அதைப் பெரிதாக்கித் தரச் சொன்னார் அக்கா. நானும் வாயைத் திறக்காமல் செய்து கொடுத்தேன். கூடவே போய் அவர்கள் வீட்டுச் சுவரோரம் நிறுத்தியும் வைத்தேன். பான்சுல் அண்ணன் ஜன்னலைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்க எடுத்தே?"

"நம்ம தேக்கத்துலதான்."

"அப்போ மதகை எவன் தூக்கிட்டுப் போனான்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன்.

"தூங்குது," என்றார் அண்ணன். "நல்லாத்தான் தூங்குது. ஆனா இது வேற யாரு வீட்டுத் தூக்கமோ."

அவர் கோபப்படவில்லை. படத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கமாக வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அக்கா முதல்முறையாகப் பயந்தார் என்று நினைக்கிறேன். மே மாதம் நடுவில் பறவைகள் கொழுத்து வடக்கே கிளம்பிவிடும். கோடை முடிந்துதான் திரும்பி வரும். அதுவரை அண்ணன் கண்ணில் அந்த ஓரங்கள் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

பறவைகள் போவதற்கு முன் வந்த கடைசிப் பெரிய ஓதத்தன்று மதியம் அக்கா கடைக்கு வந்தார். ஊரில் முட்டி போன பெண்கள் எல்லாரையும்போல அவரும் ஒரு பழைய குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் காமிரா, லென்ஸ், முக்காலி.

"உன் லாரியை எடு தம்பி. அவரும் வரப்போறாரு."

"சம்மதிச்சாரா?"

"இன்னும் கேக்கல."

வீட்டு வாசலில் நின்றபடி கேட்டார். நான் லாரியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, எனக்கு ஒரு ஆளு வேணும். கால்ல கயிறு கட்டிக்குவேன். தூங்கினா இழுக்கணும். கூலியெல்லாம் கிடையாது."

"படக்கடைக்காரனைக் கூப்பிடு."

"அவன் இருட்டறைக்காரன், அவனும் தூங்கிடுவான். ஓதத்துல முழிச்சிருக்க இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

உள்ளே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். பிறகு அண்ணன் தொப்பியோடு வெளியே வந்தார்.

கரையில் குழந்தை வண்டியை அவர்தான் தள்ளினார். அக்கா முன்னால், நடுவில் வண்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவர், கடைசியில் நான். முன்சக்கரங்கள் பாதையின் பள்ளத்தில் பதிந்து ஓடின. அவர் கை வண்டியை விடவில்லை. பார்ப்பவர்களுக்குச் சாமான் தூக்கி வருகிற ஆள்தான். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

"பான்சுல் அண்ணே! பேரப்பிள்ளையா?"

"ஆமாண்டா. மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம்."

"தாத்தா ஜாடை."

"உன் பாத்தியைப் பாருடா. உப்பு கறுத்துக் கிடக்கு."

"உங்களுக்குத் தெரியுதா?"

"கறுப்பு மட்டும் நல்லாத் தெரியுது."

தேக்கத்தின் ஓரத்தில் மூங்கில் நட்டு, பூண்டு வயலில் போடும் கறுப்பு நிழல்வலையைக் கட்டி மறைப்பு செய்திருந்தார் அக்கா. உள்ளே கவிழ்த்த மீன்பெட்டிகள். வலையில் வெட்டிய துவாரத்தின் முன் அக்கா, பக்கத்தில் அண்ணன், அவருக்கு அந்தப் பக்கம் நான். அக்கா கணுக்காலில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவர் மணிக்கட்டில் சுற்றினார். வலை எங்கள் பக்கமாக உப்பிக்கொண்டு நின்றது. "மேக்காத்து," என்றார் அண்ணன், தனக்குத்தானே சொல்வதுபோல.

கடல் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. சேற்றில் ஒரு வாய்க்கால் மினுங்கும்; கொஞ்சம் கழித்துப் பார்த்தால் நான்கு வாய்க்கால்; அப்புறம் வாய்க்கால்களுக்கு நடுவே இருந்த நிலம் எது என்று நினைவிருக்காது. வானமும் தண்ணீரும் ஒரே நிறத்துக்கு வந்தன. தூரத்தில் பறவைகள் நிலத்தின் கடைசி ஓரத்தில் நின்று, அந்த ஓரம் கரையக் கரையப் பின்னால் நகர்ந்து வந்தன. பிறகு ஓரமே இல்லாமல் போயிற்று.

ஈரத்துணியை உதறுவதுபோல ஒரு சத்தம். முதலில் மூக்கன்கள், வயிறு செங்கல் நிறமாக மாறிய கூட்டம். அடுத்து உள்ளான்கள், திரும்பும்போது ஒரேயடியாக வெளுத்து, மறுபடி திரும்பும்போது ஒரேயடியாகக் கறுத்து, தேக்கத்தின் மேல் இரண்டுமுறை சுற்றிவிட்டு இறங்கின. கடைசியாகக் கோட்டான்கள், ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவைகள், அவசரமே இல்லாமல். கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு, முணுமுணுப்பு, இறகு நீவல். அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். காமிராவின் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் விரல் மட்டும் அசைந்தது.

அண்ணன் முகத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்திருந்தார். அப்போதுதான் துவாரம் அவர் கண்ணோரத்தில் வரும். "எல்லாம் வந்துடுச்சு," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "செவப்பா இருக்கு பாரு. கொழுத்துடுச்சு. நாளைக்கோ மறுநாளோ கிளம்பிடும்."

தேக்கம் அமைதியாகத் தொடங்கியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூக்குகள் முதுகுக்குள் போயின. அக்காவின் தலையும் சரிந்தது. கயிறு ஒருமுறை இறுகியது, நிமிர்ந்தார். இன்னும் கொஞ்சம் மூக்குகள் மறைந்தன. மறுபடி சரிந்தார், மறுபடி கயிறு இறுகியது, நிமிர்ந்து கன்னத்தைக் கிள்ளிக்கொண்டார். மூன்றாவது முறை தலை சரிந்து முக்காலிக் கம்பியில் சாய்ந்தது. கயிறு இறுகவில்லை.

நான் காத்திருந்தேன். அண்ணன் மணிக்கட்டு மடியில் கிடந்தது. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார். இது கடைசி ஓதம். அக்காவை உலுக்கக் கையை நீட்டினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உப்பு வாரிய கை, நான் அசைக்கவே முடியவில்லை.

அப்போது அவர் முகத்தைத் திருப்பினார். அக்காவை விட்டு, நேராகத் துவாரத்தை நோக்கி, பறவைகளை நோக்கி. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. நேராகப் பார்த்தால் அவருக்கு அங்கே இருப்பது கறுப்புத் திட்டுதான். அத்தனை பறவைகளும் அதற்குள் போய்விட்டிருக்கும். ஓரத்தில் இருந்தது அக்கா.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வெளியே எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் ஒற்றைக் கால்கள், ஆயிரம் ஒற்றைக் கால்களின் நிழல்கள். காற்று வரும்போது இறகுகள் ஒரே பக்கமாக மெல்லப் பிரிந்து படிந்தன. எங்காவது ஒரு கண் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. ஒன்று தூக்கத்திலேயே காலை மாற்றிக்கொள்ள, பக்கத்தில் இருந்தது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. வலைக்கு உள்ளே அக்காவின் மூச்சு. அது எது, வெளியே இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நேரம் வந்தது. நானும் சொக்கியிருக்கலாம்.

அக்கா விழித்தார். யாரும் எழுப்பாமல், எப்போதும் விழிக்கிற நேரத்தில், கடல் இறங்க வேண்டிய நேரத்தில். வெளியே பார்க்கக்கூட இல்லை. எல்லாம் முடிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கயிற்றைக் கழற்றினார், லென்ஸ் மூடியைத் தேடி எடுத்தார், மூடப் போனபோதுதான் துவாரத்தைப் பார்த்தார்.

கடல் போகவில்லை. மேற்குக் காற்று அதைக் கரையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. ஒரு பறவைகூட அசையவில்லை.

மூடி அவர் கையிலேயே நின்றது. காமிராவைத் தொடவில்லை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடு," என்றார் அண்ணன், மூச்சளவுக்கு.

"இருங்க."

"போயிடும்."

"போகாது. தூங்குது."

கொஞ்சம் கழித்துத்தான் குனிந்தார். எடுத்தது அதிகமில்லை. சட்டத்துக்குள் மதகு வரும்படி முக்காலியை ஒரு விரல் அளவு நகர்த்தியதைப் பார்த்தேன். கடல் இறங்கத் தொடங்கியபோது பறவைகள் விழித்து, சோம்பல் முறித்து, கூட்டம் கூட்டமாகத் தாமாகவே கிளம்பிப் போகும்வரை நாங்கள் அசையவில்லை.

திரும்பி வரும்போது கரையில் அக்கா கேட்டார், திரும்பிப் பார்க்காமல்.

"ஏன் இழுக்கல?"

"நீ தூங்கி நான் பார்த்ததே இல்ல."

"ராத்திரி யாரோட படுக்குறீங்க?"

"ராத்திரி இருட்டு. குறட்டைதான் கேக்கும்."

"நான் குறட்டை விடறதில்ல."

"அப்போ அது கோட்டான்."

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள அதுங்க போயிருந்தா?"

"மேக்காத்து அடிச்சா கடல் லேட்டாத்தான் போகும். நீ காத்தைப் பார்த்து எழுந்திரிக்கிற ஆளு இல்லடி, நிலாவைப் பார்த்து எழுந்திரிக்கிறவ. உன் நேரத்துக்கு நீ எழுந்திரிப்பே, அதுங்க நேரத்துக்கு அதுங்க போகும். நடுவுல இடம் இருந்துச்சு."

"உறுதியாத் தெரியுமா?"

"பாதி."

அக்கா ஒரு பாத்தியைத் தாண்டினார். "நீங்க சொன்னது நிஜந்தான்," என்றார் பிறகு. "ஒத்தக்கால்லதான் நிக்குது." அண்ணன் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினார்.

படத்தைக் கதவு அளவுக்கு அச்சடித்து, சட்டம் போட்டு, அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போனேன். ஆணியும் சுத்தியலும் கையில். அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே, தரையில், அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"அவளுக்கு மேல, அந்தச் சுவர்ல," என்றார். "ஜன்னலைப் பார்த்து உக்காந்தா எனக்கு ரெண்டும் ஒரே ஓரத்துல வரும்."

ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"கீழ வை," என்றார். "கடல் இறங்கட்டும்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.